கற்பகதரு என்னும் சொல்

சென்ற ஆண்டு எட்டாந் தரத்து மாணவர்க்குப் 'பனை' என்னும் தலைப்பிற் கட்டுரை ஒன்று எழுதக் கொடுத்தேன். யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலைகளில் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டு வரும் கட்டுரை அது. நான் எழுதினேன், எனக்குக் கற்பித்தவரும் எழுதியிருப்பார். முப்பத்தாறு கொப்பிகள் வந்தன. முப்பத்தைந்திலே தொடக்க வாக்கியம் ஒன்றாகவே இருந்தது: பனை ஒரு கற்பகதரு.

எஞ்சிய கொப்பி பின்வரிசையில் இருக்கும் ஒரு மாணவனுடையது. அவன் இப்படித் தொடங்கியிருந்தான்: 'எங்கள் வீட்டில் பனையை மரம் என்றுதான் சொல்வோம். அப்பா விடிய மரத்துக்குப் போவார். பின்னேரமும் மரத்துக்குப் போவார். மழை பெய்தால் மரம் வழுக்கும்.' கட்டுரை முழுவதிலும் கற்பகதரு என்னும் சொல் இல்லை. பழக்கத்தினால் என் கை சிவப்பு மையைத் தொட்டது. 'பனையின் சிறப்புப் பெயர் குறிப்பிடப்படவில்லை' என்று ஓரத்தில் எழுதி இரண்டு புள்ளிகளைக் குறைத்தேன்.

அந்த இரண்டு புள்ளிகளைப் பற்றியதே இக்கட்டுரை. ஒரு மரத்துக்கு நாம் சூட்டியிருக்கும் சிறப்புப் பெயர் எங்கிருந்து வந்தது, எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லாது விடுகின்றது, யாருடைய வாயிலிருந்து பிறந்தது என்பவற்றை ஆராயாமலே அதனை நாம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். சொல்லொன்று நெடுங்காலம் வழங்கிவந்தால் அது இயற்கையின் ஒரு பகுதி போலவே தோன்றிவிடுகின்றது. ஆயின் சொற்களும் வரலாற்றின் விளைவுகளே.

முதலிற் சொல்லின் பொருளை நோக்குவோம். கற்பகம் என்பது வடமொழிக் கற்பம் என்பதன் வழிவந்தது. தரு என்றால் மரம். புராணங்கள் இந்திரனுடைய உலகில் ஐந்து மரங்கள் உள்ளன என்று கூறும். மந்தாரம், பாரிசாதம், சந்தானம், அரிசந்தனம் என்பவற்றோடு வைத்து எண்ணப்படுவது கற்பகம். அதன் நிழலில் நின்று எதனை நினைத்தாலும் அதனைத் தரும் என்பது கதை. நினைத்தலே போதும். நிலத்தைக் கொத்த வேண்டியதில்லை, நீர் இறைக்க வேண்டியதில்லை, ஏற வேண்டியதுமில்லை. உழைப்பே தேவைப்படாத உலகத்தின் மரம் அது.

மண்ணில் நிற்கும் மரத்துக்கு விண்ணின் பெயரைச் சூட்டும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இமயமலைச் சாரலில் வளரும் ஊசியிலை மரமொன்றுக்கு அந்நாட்டார் தேவதாரு என்று பெயரிட்டனர். தேவர்களின் மரம் என்பது அதன் பொருள். பைன் மரக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மரத்தின் தாவரவியற் பெயரிலும் அச்சொல் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கின்றது. அம்மலைச் சாரலிலே தேவதாரு என்ற சொல் அம்மரத்தையே சுட்டி நின்றது. கற்பகதருவின் கதி வேறு. மலையாளக் கரையிலே தென்னையைக் கற்பக விருட்சம் என்பர். நாம் பனையைக் கற்பகதரு என்கின்றோம். கிளையற்று உயர்ந்து நிற்பதையோ, விசிறி போன்ற ஓலையையோ, கரிய அடிமரத்தையோ அச்சொல் சுட்டவில்லை. ஆராய்ந்து பார்த்தால், கற்பகதரு என்பது மரத்தை வருணிக்கும் சொல்லே அன்று. பயன் பெறுவோனுக்கும் மரத்துக்கும் உள்ள உறவை, அதுவும் பயன் பெறுவோன் நின்ற இடத்திலிருந்து, சொல்லும் சொல் அது.

பனைக்குத் தமிழிலே வேறு பெயர்கள் இல்லாமற் போகவில்லை. பெண்ணை என்றும், போந்தை என்றும், தாலம் என்றும் பழைய நூல்கள் வழங்கின. போந்தை சேர மன்னரின் அடையாளப் பூ. காதலிற் தோற்றவன் ஏறுவதாகக் கூறப்படும் மடல்மா பனங்கருக்கினால் ஆயது. சிறியதற்குத் தினையையும் பெரியதற்குப் பனையையும் அளவாக வைத்து வள்ளுவர் பேசினார். இவை யாவும் பனையைக் கண்ணாற் கண்டவர் வழங்கிய சொற்கள்.

இவற்றுள்ளே எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது தொல்காப்பிய மரபியல் தரும் வருணனையாகும். அந்நூல் நிலைத்திணைப் பொருள்களை இரண்டாக வகுக்கின்றது. உள்ளே வைரம் உடையவை ஒரு வகை. அவை மரம் எனப்படும். வெளியே வைரம் உடையவை மற்றொரு வகை. அவை புல் எனப்படும். காழ் என்பது வைரம். ஆகவே பனை புறக்காழ் உடையது. இலக்கணப்படி அது புல்லினத்தைச் சேர்ந்தது! வானளாவ நிற்கும் பனையைப் புல் என்றால் மாணவர் சிரிப்பர். ஆனால் இன்றைய தாவரவியலைக் கேட்டுப் பாருங்கள். பனையும் நெல்லும் மூங்கிலும் ஒருவித்திலைத் தாவரங்கள். வேம்பைப் போலவோ பலாவைப் போலவோ ஆண்டுக்கொரு வளையமாகப் பனை பருப்பதில்லை. அதன் உறுதியான நார்கள் அடிமரத்தின் வெளிப்புறத்திலே நெருங்கிச் செறிந்துள்ளன. நடுவிலே மென்மையான சோறு. பனங்கைமரமும் சிலாகையும் அறுக்கும் தச்சன் இதனை நன்கு அறிவான். புறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே உள்ளதை எறிந்துவிடுவான்.

புறக்காழ் என்னும் சொல்லைப் படைத்தவன் பனையின் நிழலில் நின்று கனவு கண்டவன் அல்லன் என்பது தெளிவு. மரத்தைத் தறித்துப் பிளந்து பார்த்தவனின் அறிவு, அல்லது அவனிடம் கேட்டறிந்தவனின் அறிவு அச்சொல்லுக்குள் இருக்கின்றது. புல்லினத்தின் உறுப்புகளுக்கு அந்நூல் தரும் பெயர்களைப் பாருங்கள்: மடல், ஓலை, ஏடு, பாளை, ஈர்க்கு, குலை. இரண்டாயிரம் ஆண்டளவு பழமை வாய்ந்தது என்று நாம் பெருமை பேசும் நூலின் சொற்கள் இவை. இன்றைக்கும் வரணியிலோ பளையிலோ மரத்தடியிற் போய் நின்றால், பள்ளிக்கூடப் படி மிதியாத முதியவர் ஒருவர் இதே சொற்களைப் பிழையின்றிச் சொல்லக் கேட்கலாம். செந்தமிழ் மரபைக் காத்தவர் யார் என்று கேட்கும்போது நாம் புலவர்களின் பெயர்களையே அடுக்குகின்றோம். தொழிலோடு சேர்த்துச் சொல்லையும் காத்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

அப்பட்டியலில் இருக்கும் பெரியார் ஒருவரையும் இங்கு நினைவுகூர வேண்டும். சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இல் அச்சேற்றினார். செல்லரித்துச் சிதைந்த ஏடுகளைத் தேடி அவர் பட்ட பாடு தமிழுலகம் அறிந்தது. அந்த ஏடுகள் பனையோலைகள். பனை புறக்காழ் உடையது என்ற செய்தி பனையின் ஓலையிலேயே எழுதப்பட்டு நூற்றாண்டுகளைக் கடந்து வந்திருக்கின்றது. குருத்தோலையைத் தெரிந்து வெட்டி இறக்கியவன் ஒருவன். அவித்து உலர்த்திப் பதப்படுத்தியவன் ஒருவன். எழுத்தாணியாற் கீறியவன் ஒருவன். மூன்றாமவனின் பெயர் சில வேளைகளில் ஏட்டின் இறுதியில் உண்டு. முதலாமவனின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

பனையையும் பனை ஏறுவோனையும் பிரித்துப் பார்ப்பது நமது பாடசாலைக் கட்டுரைகளுக்குத்தான் இயல்பு. அதிகாரத்திலிருந்தவர்கள் ஒருபோதும் அப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. தமிழகத்திலே பல்லவர் காலச் செப்பேடுகள் கள் இறக்குவோர் மீது விதிக்கப்பட்ட வரியை ஈழம்பூட்சி என்று குறிப்பிடுகின்றன. ஈழம் என்பது பழந்தமிழிற் கள்ளுக்கும் ஒரு பெயர். சோழர் காலச் செப்பேடுகள் சிலவற்றிலே, தானமாகக் கொடுக்கப்பட்ட ஊரில் உள்ள தெங்கிலும் பனையிலும் ஈழவர் ஏறலாகாது என்ற நிபந்தனை காணப்படுகின்றது. ஒரு மரத்தை யாருக்கேனும் கொடுப்பதென்றால் அதில் ஏறுவோனைப் பற்றியும் முடிவு செய்தாக வேண்டும் என்பது அரசனின் எழுத்தருக்குத் தெரிந்திருந்தது. ஏறுவோன் இல்லையேல் பனை வெறும் தூண் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

கடலுக்கு இப்பால் நமது குடாநாட்டின் கதையும் இத்தகையதே. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். போர்த்துக்கேயர் தம் மொழியிற் பனைச் சாதி மரங்களுக்கெல்லாம் பொதுவாக வழங்கிய பல்மெய்ரா என்ற சொல்லே திரிந்து ஆங்கிலத்திற் பல்மைரா ஆயிற்று. ஆக, உலகச் சந்தை பனைக்கு இட்டது பெயர்கூட அன்று. 'பனை மாதிரி ஒன்று' என்ற அளவே. அந்தச் சந்தைக்கு வேண்டியது மரம். யாழ்ப்பாணத்துப் பனங்கைமரங்களும் சிலாகைகளும் ஒல்லாந்தர் காலத்திலும் அதன் பின்னரும் குடாநாட்டைவிட்டுக் கப்பலேறின.

1707இல் ஒல்லாந்த ஆட்சியினர் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தேசவழமை என்னும் பெயரிற் சட்டமாக்கினர். கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்த அதனைப் பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் பார்த்துச் சரியென ஒப்புக்கொண்டனர். காணி, தோட்டம், மரம், கால்நடை, அடகு, நன்கொடை என்று சொத்துரிமை பற்றிப் பேசும் அந்நூல் அடிமைகளைப் பற்றியும் பேசுகின்றது. அடிமைகளென அங்கு கூறப்பட்டோருள் பள்ளரும் நளவரும் அடங்குவர். யாழ்ப்பாணத்திற் பனை ஏறும் தொழில் பெரும்பாலும் நளவர் என வகுக்கப்பட்ட மக்களின் தலையிலேயே சுமத்தப்பட்டிருந்தது. மரமும் சொத்து, மரத்தில் ஏறுவோனும் சொத்து. இரண்டையும் பற்றிய விதிகள் ஒரே நூலில் இடம்பெற்றதில் வியப்பில்லை.

இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844இல். அதற்கு ஆறு ஆண்டுகளின் பின்னர், 1850இல், வில்லியம் பேர்குசன் என்னும் தாவரவியல் ஆர்வலர் பனையைப் பற்றிய ஆங்கில நூலொன்றைக் கொழும்பில் வெளியிட்டார். பனையைப் பற்றி எழுதும் எவரும் இன்றும் கையிலெடுக்கும் நூல் அது. தாலவிலாசம் என்னும் தமிழ்ச் செய்யுள் பனைக்கு 801 பயன்கள் கூறுகின்றது என்ற செய்தி அந்நூலின் வாயிலாகவே உலகெங்கும் பரவிற்று. நமது மாணவரின் கட்டுரைகளில் இன்றைக்கும் அந்த 801 தவறாமல் வருகின்றது. கற்பகதரு என்ற சொல்லுக்குப் புள்ளிவிவர ஆதாரம் கிடைத்துவிட்டது போல அந்த எண்ணை நாம் ஒப்புவிக்கின்றோம்.

பயன்களை எண்ணியவரைக் குறைகூற நான் வரவில்லை. எண்ணிக்கை ஒரு திசையில் மட்டுமே நடந்தது என்பதே என் வாதம். பனை எத்தனை தருகின்றது என்று எண்ணினோம். ஒவ்வொன்றையும் பெறுவதற்கு எத்தனை கைகள் உழைக்கின்றன என்று எண்ணவில்லை. இனி அதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

பனை தன் கையால் எதையும் நீட்டுவதில்லை. விதையிலிருந்து முளைத்த வடலி காய்க்கும் பருவம் அடையப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். 'வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிற கதை' என்று நம்மவர் நெடுங்காத்திருப்பைக் கேலி செய்வது இதனால்தான். பாளை வரும் பருவம் தொடங்கியதும் ஏறுவோனின் நாட்கள் மரத்துக்கு உரியனவாகிவிடுகின்றன. காலிலே தளநார், இடுப்பிலே பாளைக்கத்தி, தொங்கும் முட்டி. பாளையை இறுகக் கட்டி, பதம் பார்த்துத் தட்டி, நுனியை நாள்தோறும் மெல்லிதாகச் சீவ வேண்டும். ஒரு நாள் தவறினாற் பாளையின் வாய் அடைத்துவிடும். ஆகவே காய்ச்சலென்றும் திருநாளென்றும் பாராது காலையும் மாலையும் அவன் ஏற வேண்டும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது கருப்பநீர், தடவாவிட்டாற் கள். கருப்பநீரை அடுப்பிலேற்றிக் காய்ச்சிப் பதம் வந்தபின் குட்டானில் வார்த்தால் அது பனங்கட்டி. புகையில் நின்று அதனைக் காய்ச்சுபவள் பெரும்பாலும் அவன் மனைவி.

கிழங்கின் கதையும் அவ்வாறே. பனங்கொட்டைகளைப் பொறுக்கிப் பாத்தியில் அடுக்கி மண்ணிட்டு, மாதங்கள் சென்றபின் கிண்டி எடுக்க வேண்டும். பச்சையாகப் பிளந்து காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டாற் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை வடித்தபின்னரே கூழுக்கு ஆகும். அந்தக் கசப்பை நீக்கும் அறிவைக் கண்டுபிடித்தவள் எந்தப் புராணத்திலும் இல்லை. ஆனால் எண்ணற்ற குடும்பங்களைப் பஞ்சத்திலிருந்து காத்தவள் அவளே. பனங்களியைப் பாயிலே படை படையாகத் தடவி வெயிலில் உலர்த்தினாலே பனாட்டு உண்டாகும். சார்வோலையை வார்ந்து பின்னினாலே பெட்டியும் கடகமும் நீற்றுப்பெட்டியும் பாயும் உண்டாகும். இவற்றுள் எது நினைத்தவுடன் வந்து விழுந்தது?

கற்பகதரு என்ற சொல் எதை மறைக்கின்றது என்பது இப்பொழுது தெரிகின்றது. நினைத்ததைத் தரும் மரம் என்று சொல்லும்போது, நினைப்பவன் ஒருவனும் தருகின்ற மரம் ஒன்றுமே உலகில் இருக்கின்றன. இடையில் நின்றவன் மறைந்துவிடுகின்றான். வளவுக்காரன் விறாந்தையில் அமர்ந்து, கருப்பநீர் வேண்டுமென்று நினைத்தான், வந்தது. ஓலை வேண்டுமென்று நினைத்தான், வேலி அடைக்கப்பட்டது. அவனுக்குப் பனை உண்மையிலேயே கற்பகதருதான்! ஏறுவோனின் நாவிலிருந்து அச்சொல் பிறந்திருக்க முடியாது. அவனுக்கு அது மரம். மழை பெய்தால் வழுக்கும் மரம்.

மரத்துக்குத் தேவலோகத்துப் பெயரைக் கொடுத்த அதே சமுதாயம் ஏறுவோனுக்குக் கோயில் வாசலைக் கூடக் கொடுக்கவில்லை. அவன் இறக்கிய கள்ளுக்குத் தீட்டில்லை. அவன் வீட்டுத் தண்ணீருக்குத் தீட்டு. அவன் வெட்டிய குருத்தோலையிலே தோரணம் கட்டிய கோயிலுக்குள் அவன் புகலாகாது. தேநீர்க் கடையிலே அவனுக்கு வேறு பாத்திரம். 'பனையின் கீழிருந்து பால் குடித்தாலும் கள் என்பர்' என்ற பழமொழியை நாம் ஒழுக்க போதனையாகக் கற்பிக்கின்றோம். பனையின் கீழேயே வாழ விதிக்கப்பட்டவன் அந்தப் பழமொழியை எப்படிக் கேட்டிருப்பான் என்று சிந்தித்ததில்லை.

தமிழகத்திலும் இதே முரண்பாடு நிலவிற்று. பேர்குசனின் நூலுக்கு ஓராண்டு முன்னர், 1849இல், கால்டுவெல் பாதிரியார் திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மொழி ஆராய்ச்சியில் நாம் போற்றும் அவர் அந்நூலிற் பனையேறும் மக்களைத் தாழ்த்தி எழுதியது பின்னர் அம்மக்களின் பெருஞ் சினத்துக்கு இலக்காயிற்று. திருவிதாங்கூரிலே அம்மக்களின் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் போராடி 1859இல் அரச பிரகடனம் ஒன்றைப் பெற்றனர். மரம் எங்கெல்லாம் போற்றப்பட்டதோ அங்கெல்லாம் ஏறுவோன் தூற்றப்பட்டான்.

ஐரோப்பிய அறிவியலும் இத்தொழிலாளர் சமூகங்களுக்குக் கடன்பட்டதே. லின்னேயஸ் 1753இல் பனைக்கு இட்ட பெயரின் ஈற்றுச்சொல் விசிறி தாங்கி என்று பொருள்படும். அவர் பனையை அறிந்தது, ஒல்லாந்தரின் மலையாளத் தாவர நூலாகிய ஓர்த்துஸ் மலபாரிக்குஸ் வாயிலாக. 1678 முதல் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த அந்நூலுக்குத் தன் அறிவை வழங்கியோருள் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ மருத்துவர். அக்காலச் சாதி ஒழுங்கு தாழ்த்தி வைத்த சமூகத்தவர் அவர். விசிறி தாங்கி என்ற பெயர் எளிய பெயர்தான். ஆயினும் அது மரத்தைப் பார்த்து இட்ட பெயர்.

யாழ்ப்பாணத்து உழைப்பாளர் இந்த நிலையைப் பொறுத்துக்கொண்டே இருந்துவிடவில்லை. சிறுபான்மைத் தமிழர் மகாசபை முதலிய அமைப்புகள் நெடுங்காலம் போராடின. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனால் ஏட்டில் இருந்த சட்டம் தேநீர்க் கடைக்குள் நுழையவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தாக்குதலையும் எதிர்கொண்டு முன்னேறியது. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் தோன்றிற்று. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலே போராட்டம் நடந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் 1972இல் வெளிவந்து, அதுவரை இலக்கியத்தின் விறாந்தைக்கு ஏறாதிருந்த வாழ்க்கையை நடுவீட்டில் வைத்தது. 1970களிலே கள்ளிறக்கும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றுசேர்ந்தனர். கள்ளுக்கு விலை கூறுவதிலே தொழிலாளிக்கும் ஒரு குரல் கிடைத்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. சபையின் விற்பனை நிலையங்களுக்குச் சூட்டப்பட்ட பெயர் கற்பகம்! சொல் எவ்வளவு வலிமை உடையது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஏறுவோனின் சங்கம் உண்டான பின்னரும் கடையின் நெற்றியில் எழுதப்பட்டது இந்திரலோகத்தின் சொல்லே.

இங்கே நண்பர் ஒருவர் எழுப்பிய மறுப்பை மறைக்காமற் கூற வேண்டும். அவர் என்னிலும் மூத்த ஆசிரியர். வலிகாமத்திலிருந்து 1995இல் இடம்பெயர்ந்தவர். 'தம்பி, நீர் சொல்லுவதெல்லாம் சரி. ஆனால் பொருளாதாரத் தடையின்போது சீனியில்லாமற் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்தவன் நான். பங்கருக்கு மேல் பனங்குற்றியை அடுக்கி, அதன் கீழே பிள்ளைகளைப் படுக்க வைத்தவன் நான். அந்த மரத்தைக் கற்பகதரு என்று நான் சொன்னால் அது வளவுக்காரனின் சொல்லா?' என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. நன்றியுணர்வால் எழும் சொல்லை நான் மறுக்க மாட்டேன். போர்க்காலத்திலே பனை செய்த உதவி சாதி பார்த்துச் செய்த உதவி அன்று. ஆயிரக்கணக்கிற் பனைகள் எறிகணைகளால் தலையிழந்தன, பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின, அவையும் பனையே. இந்த மண்ணின் துன்பத்தில் பங்கெடுத்த மரத்தை மக்கள் உயர்ந்த சொல்லால் அழைப்பது இயல்பு. ஆனால் அப்பொழுதும் அந்தப் பனங்கட்டியைக் காய்ச்சியது யார்? அந்தக் குற்றியைத் தறித்துச் சுமந்தது யார்? நண்பரிடம் இதனைத் திருப்பிக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், தமக்குப் பனங்கட்டி தந்த குடும்பத்தின் வீடு எந்த ஒழுங்கையில் இருந்தது என்பதை நினைவுகூர்ந்து சொல்லத் தொடங்கினார். எனக்கு அதுவே போதுமான விடையாயிற்று.

ஆகவே கற்பகதரு என்ற சொல்லை அகராதியிலிருந்து நீக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. சொற்களைத் தடைசெய்து சமுதாயத்தை மாற்றியவர் எவரும் இல்லை. அச்சொல் தனித்து நிற்கக் கூடாது என்பதே என் கருத்து. அதன் பக்கத்திலே புறக்காழ் என்ற பழஞ்சொல்லையும், தளநார், பாளைக்கத்தி, குட்டான் என்ற தொழிற்சொற்களையும் வைத்துக் கற்பிக்க வேண்டும். 801 பயன்களைச் சொல்லும் இடத்திலே 1707ஐயும் 1844ஐயும் 1966ஐயும் சொல்ல வேண்டும். பனை தருகின்றது என்று எழுதும் மாணவனிடம், பனையிலிருந்து எடுக்கின்றார்கள் என்று எழுதிப்பார் என்று கூறவேண்டும். எழுவாய் மாறும்போது வரலாறும் மாறுகின்றது. மரம் எழுவாயாக இருந்த வாக்கியத்தில் மனிதன் எழுவாயாக வந்து அமர்கின்றான்.

இன்று ஏறுவோர் தொகை குறைந்துவருகின்றது. பனை அழிகின்றதே, தொழில் அழிகின்றதே என்று கூட்டங்களிற் பலர் கவலைப்படுகின்றனர். தகப்பன் பட்ட இழிவைக் கண்ட மகன் தளநாரைக் கையிலெடுக்க மறுப்பதில் என்ன குற்றம்? விழுந்து முதுகெலும்பு முறிந்தோரை அவன் தன் ஊரிலேயே கண்டிருக்கின்றான். உயிருக்குப் பாதுகாப்பும், உழைப்புக்கு ஏற்ற ஊதியமும், தொழிலுக்கு மதிப்பும் உண்டாகாத வரையில், மரத்துக்கு எத்தனை உயர்ந்த பெயர் சூட்டினாலும் அவன் ஏறப்போவதில்லை. அவன் ஏறுவதும் ஏறாது விடுவதும் அவன் விருப்பமாக இருக்கும் நாள் வரவேண்டும். அதன் பின்னரே பனையைக் காப்பதைப் பற்றி நாம் அவனோடு சரிசமமாக அமர்ந்து பேச முடியும்.

கொப்பிகளைத் திருப்பிக் கொடுக்கும் முன்னர் அந்த ஒரு கொப்பியை மீண்டும் எடுத்தேன். சிவப்பு மையால் எழுதியதை வெட்டி, குறைத்த இரண்டு புள்ளிகளையும் இட்டேன். மறுநாள் வகுப்பிலே அவனுடைய அனுமதியைக் கேட்டு, அக்கட்டுரையை அவனையே வாசிக்கச் சொன்னேன். 'மழை பெய்தால் மரம் வழுக்கும்' என்ற வாக்கியத்துக்கு வந்ததும் முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, 'அப்ப மழைக்கும் ஏறுவாரோ?' என்று கேட்டாள்.

'பாளை அடைச்சுப் போகுமல்லோ' என்றான் அவன்.

அன்றைய பாடத்தை அவன் நடத்தினான். கரும்பலகையில் தளநார் என்ற சொல்லை நான் எழுதியபோது, அதைத் திருத்துவதற்கு ஒன்றுமில்லை என்பதுபோலத் தலையசைத்துவிட்டு, அது எப்படித் திரிக்கப்படுகின்றது என்று விளக்கத் தொடங்கினான்.